கிராசியா அம்மையார்

ஜப்பான் தேசத்துப் பழைய சரித்திரத்தைப் புரட்டுவோர்க்கு வீரர் பெயர்கள் ஏட்டுக்கு ஏடு எதிர்ப்படும். அவர்தம் வாளும், கோட்டையும், கொடியும், போர்க்களமும் விரிவாக வருணிக்கப்பட்டிருக்கும். ஆயின் அவ்வீரர் மனைகளில் வாழ்ந்த மாதரைப் பற்றி அறிய விரும்பினால், இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்னும் அளவோடு ஏடுகள் வாய்மூடி விடுகின்றன. பலருடைய இயற்பெயர்தானும் நமக்குக் கிடைத்திலது. இவ்வாறு மறைந்தொழிந்த மாதர் கூட்டத்தினின்றும் ஒருவர் நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் பெயரோடும் பெருமையோடும் நம் முன் நிற்கின்றார். அவரே ஹொசோகாவா கிராசியா அம்மையார். நாடகம், நவீனம், திரைப்படம் ஆகியவற்றிலும், இந்நாளில் இளைஞர் கணினித் திரையில் படித்தும் ஆடியும் களிக்கும் காதற் கதைகளிலும் அவர் சாயல் கொண்ட தலைவியரைக் காண்கிறோம். கதை புனைவோர் தத்தமக்கு வேண்டிய வண்ணத்தை அவர்மேற் பூசியிருக்கின்றனர். அவ்வண்ணத்தை இயன்ற மட்டும் நீக்கி, மெய்யாக வாழ்ந்த அம்மையாரை நம் கல்லூரி மாணவ மாணவியர்க்கு அறிமுகப்படுத்த விழைகின்றோம்.

அவர் பிறந்த காலத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாக அந்நாடு உள்நாட்டுப் போரால் அலைப்புண்டது. கியோத்தோ நகரில் சக்கரவர்த்தி ஒருவர் வீற்றிருந்தார். ஆயின் ஆட்சி அவர் கையில் இல்லை. அவர் பெயரால் ஆளவேண்டிய படைத்தலைவராகிய ஷோகுன் என்பாரும் வலியிழந்து பெயரளவில் நின்றார். ஆங்காங்குள்ள சிற்றரசர் தத்தம் கோட்டையே உலகமாகக் கொண்டு ஒருவரையொருவர் தாக்கி வந்தனர். இன்று நட்பாயினார் நாளைப் பகைவராயினர். நட்பை உறுதி செய்தற்குப் பெண் கொடுத்தலும், நம்பிக்கைக்கு ஈடாக மனைவியையும் தாயையும் மக்களையும் வலியாரிடம் பிணையாக வைத்தலும் அக்காலத்து அரசியல் முறைகள். ஆகவே அரசர் குடியிற் பிறந்த பெண்ணொருத்தி தன் வாழ்நாளிற் பாதியேனும் பிறர் செய்த உடன்படிக்கைக்கு ஈடாகக் கழித்தல் வியப்பன்று.

அக்காலத்திலேயே சவேரியார் 1549ஆம் ஆண்டில் ககோஷிமாத் துறையிற் கரையிறங்கிக் கிறிஸ்து வேதத்தை அந்நாட்டிற் பரப்பத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு முத்துக்குளித்துறைக் கரையோரத்தில், மீன்பிடித்தும் முத்தெடுத்தும் வாழ்ந்த மக்களிடையே மணற்பரப்பில் நடந்து திரிந்து உழைத்தவரும் அவரே என்பதை நம்மவர் நன்கு அறிவர்.

அம்மையார் 1563ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் அகேச்சி மிட்சுஹிதே என்னும் பெருவீரர். பெற்றோர் இட்ட பெயர் தமா என்பது. மணி என்பது அதன் பொருள். மிட்சுஹிதே போர்த்திறமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்தவர். அந்நாளில் நாட்டின் பெரும் பகுதியைத் தம் அடிப்படுத்தி வந்த ஒடா நொபுநாகாவின் படைத்தலைவருள் ஒருவராய் உயர்ந்தவர். அந்நொபுநாகாவின் விருப்பப்படியே தமா 1578ஆம் ஆண்டில் ஹொசோகாவா தடாவோகி என்னும் இளைஞர்க்கு மணம் செய்விக்கப்பெற்றார். மணமக்கள் இருவரும் ஒத்த வயதினர். பதினைந்து பிராயம் நிரம்பியவர். கியோத்தோவுக்கு அணித்தாகிய ஷோரியூஜிக் கோட்டையில் அம்மணம் நிகழ்ந்தது.

புக்ககம் சிறப்புடையது. மாமனார் புஜித்தாகா படைத்தலைவர் மட்டுமல்லர். பழம்பாடல்களின் மறைபொருளை ஆசிரியர் வழியாகக் கேட்டுணர்ந்த பெரும்புலவர். கணவராகிய தடாவோகியும் கலைநயம் உடையவர். தேநீர் அருந்துதலை ஒரு தவமாகவே வளர்த்த சென் நோ ரிக்யூ என்னும் ஆசிரியரின் தலைமாணாக்கர் எழுவருள் ஒருவராக அவர் எண்ணப்படுகின்றார். பிற்காலத்தில், 1591இல், ரிக்யூ அரசாள்வோரின் சினத்துக்கு ஆளாகிக் கியோத்தோவினின்று துரத்தப்பட்டபோது, ஏனையோர் அஞ்சி ஒளிந்திருக்க, ஆற்றங்கரை வரை சென்று அவரை வழியனுப்பிய இருவருள் தடாவோகி ஒருவர். இத்தகைய அன்பும் அஞ்சாமையும் உடைய அவரிடத்தே கடுஞ்சினமும் பொறாமையும் குடிகொண்டிருந்தன. இரண்டும் ஒரே நெஞ்சில் வாழ்ந்தமையை மறவாதிருத்தல் வேண்டும். மறந்தால் பின் நிகழ்ந்தவை விளங்கா.

மணமான நான்கு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. மகளும் மகனும் பிறந்தனர். 1582ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலை அவ்வமைதி முற்றும் அழிந்தது. கியோத்தோவிலுள்ள ஹொன்னோஜி என்னும் கோயிலிற் சிறு காவலோடு தங்கியிருந்த நொபுநாகாவை மிட்சுஹிதே படையோடு வளைத்துக்கொண்டார். தப்ப வழியின்றி நொபுநாகா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மிட்சுஹிதே தம் தலைவர்மேற் படையெடுத்த காரணம் இன்றளவும் சரித்திர ஆசிரியர் வாதிடும் பொருளாக இருக்கின்றது. அவர் தம் சம்பந்தியாரின் துணையைப் பெரிதும் நம்பியிருந்தார். ஆயின் புஜித்தாகாவும் தடாவோகியும் இறந்த தலைவர்க்குத் துக்கம் காட்டித் தலைமயிரைக் களைந்து, துணைபுரிய மறுத்துவிட்டனர். புஜித்தாகா யூசாய் என்னும் துறவுப்பெயர் பூண்டு, குடும்பத் தலைமையை மகனிடம் ஒப்புவித்தார். பதினைந்து நாளும் கழியுமுன் ஹிதேயோஷி என்னும் படைத்தலைவர் விரைந்து வந்து யமசாக்கிப் போரில் மிட்சுஹிதேயை முறியடித்தார். தோற்றோடிய மிட்சுஹிதே வழியிற் கொல்லப்பட்டார். அவர்தம் குடும்பத்தார் சாக்கமோட்டோக் கோட்டையில் மடிந்தனர்.

பத்தொன்பது வயதினராகிய தமா இவ்வாறு ஒரு திங்களுக்குள் பிறந்த குடி முழுவதையும் இழந்தார். அதனினும் கொடியது, தலைவனைக் கொன்ற துரோகியின் மகள் என்னும் பெயர் அவர்மேற் படிந்தது. கணவர் தந்தைக்கு உதவாதவர். தந்தையோ உலகம் தூற்றும் குற்றத்துக்கு ஆளானவர். யாரிடம் சென்று அழுவது? அக்கால வழக்கப்படி தடாவோகி அவரைத் தள்ளிவிடலாம், கொன்றிருந்தாலும் கேட்பாரில்லை. அவர் அவ்விரண்டும் செய்திலர். தாங்கோ நாட்டு மலைகளுக்கிடையே மிதோனோ என்னும் ஒதுக்கிடத்துக்கு மனைவியை அனுப்பி மறைத்து வைத்தார். மக்களைப் பிரிந்து, சில பணியாளரே துணையாக, பனி மூடும் அம்மலைச்சரிவில் தமா ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்தார். அவருடன் சென்றவருள் கியோஹாரா என்னும் புலவர் குடியிற் பிறந்த பெண்ணொருவர் இருந்தனர் என்பர். அப்பெண் பின்னாளில் மரியா என்னும் கிறிஸ்தவப் பெயரால் அறியப்பட்டவர். அம்மையாரின் வாழ்வில் அவர் பெற்ற இடம் பெரிது.

1584ஆம் ஆண்டில் ஹிதேயோஷியின் இசைவு கிடைக்கவே, தமா மீண்டும் கணவரோடு சேர்ந்தார். ஒசாக்கா நகரில் தமத்சுக்குரி என்னும் பகுதியிலுள்ள ஹொசோகாவா மாளிகையில் வாழ்க்கை தொடங்கியது. அஃது இல்லமோ சிறையோ என்று ஐயுறும்படி இருந்தது. பேரழகியராகிய மனைவியைப் பிறர் காணலாகாது என்னும் எண்ணம் தடாவோகியைப் பற்றிக்கொண்டது. அவர் போர்மேற் செல்லும்போதெல்லாம் வாயிற்காவலர் இரட்டிக்கப்பட்டனர். தோட்டக்காரன் ஒருவன் அம்மையாரை ஏறிட்டு நோக்கினான் என்பதற்காகத் தடாவோகி அவனை அவ்விடத்திலேயே வெட்டினார் என்றும், அம்மையார் முகங்கோணாது உணவருந்திக்கொண்டிருந்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இதனைச் சரித்திரம் என்று கொள்ளற்கு யாம் துணியோம். எனினும் அவ்விருவர் இல்வாழ்வை அக்கால மக்கள் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அது சான்றாகும்.

அம்மையார் இயல்பாகவே கூர்த்த மதியினர். மனத்துயர்க்கு மருந்து தேடி ஜென் பௌத்த நெறியை ஆழ்ந்து பயின்றிருந்தார். ஆயினும் நெஞ்சம் ஆறவில்லை. தடாவோகிக்குத் தக்காயாமா உக்கோன் என்னும் கிறிஸ்தவ வீரர் உற்ற நண்பர். உக்கோன் தம் வேதத்தைப் பற்றிக் கூறியவற்றைத் தடாவோகி வீட்டில் வந்து பேசுவதுண்டு. தாம் விளையாட்டாய்க் கூறிய சொற்கள் மனைவியின் உள்ளத்தில் விதையாய் விழுந்தன என்பதை அவர் அறிந்திலர்.

1587ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹிதேயோஷியின் கியூஷூப் படையெடுப்பில் தடாவோகியும் சென்றார். அவ்விளவேனிற் காலத்தில் பெண்டிர் கோயில்களுக்குச் செல்லும் திருநாட்கள் வந்தன. அம்மையார் உடல்நலமில்லாதவர் போல் அறையில் ஒதுங்கியிருந்து, பின் பணிப்பெண்டிர் கூட்டத்தில் தாமும் ஒருவராய்க் கலந்து காவலைக் கடந்தார். நேரே ஒசாக்காவிலிருந்த தேவாலயத்தை அடைந்தார். அங்கே ஜப்பானியராகிய உபதேசியார் ஒருவரோடு நெடுநேரம் வாதித்தார். ஜென் நூல்களினின்று எடுத்துக்காட்டி அவர் வினவிய வினாக்களைக் கேட்ட உபதேசியார், அத்துணை அறிவுடைய மாதை அந்நாட்டில் தாம் கண்டதில்லை என்று வியந்ததாகக் குருமார் மடல்கள் கூறுகின்றன. அம்மையார் அப்பொழுதே ஞானஸ்நானம் வேண்டினார். ஆயின் தம் பெயரை வெளியிட மறுத்தமையால் குருவாகிய செஸ்பெதெஸ் பாதிரியார் அதனை ஒத்திவைத்தார். திரும்பிச் சென்ற பல்லக்கைப் பின்தொடர்ந்து பார்த்த பின்னரே, வந்தவர் ஹொசோகாவா மாளிகைத் தலைவி என்பது தெரியவந்தது.

அம்மையார் தேவாலயத்தினுட் கால்வைத்தது அவ்வொரு நாள்தான் என்று கூறப்படுகின்றது. பின்னர்க் காவல் மிகவே, வெளியே செல்லுதல் இயலாதாயிற்று. அவர் மனந்தளர்ந்திலர். தம் ஐயங்களை எழுதிப் பணிப்பெண்டிர் வாயிலாக அனுப்பி விடை பெற்றார். சென்றுவந்த பெண்டிர் ஒருவர்பின் ஒருவராக ஞானஸ்நானம் பெற்றனர். தலைவி மட்டும் காத்திருந்தார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பாதிரிமார் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று ஹிதேயோஷி ஆணை பிறப்பித்தார். வேதத்தை விடமாட்டேன் என்ற உக்கோன் தம் நாட்டை இழந்தார். இவ்வாணை கேட்டோர் பலர் பின்வாங்கினர். அம்மையாரோ இனித் தாமதித்தலாகாது என்று துணிந்தார். குருவானவர் மாளிகைக்குள் வரவியலாது. அம்மையார் வெளியே போகவியலாது. ஆகவே செஸ்பெதெஸ் பாதிரியார் கியோஹாரா மரியாவுக்கு ஞானஸ்நான முறையைக் கற்பித்து அனுப்ப, அப்பணிப்பெண்ணே தம் தலைவிக்கு மாளிகையினுள் நீர் வார்த்து ஞானஸ்நானம் அளித்தார். கிராசியா என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அருள் என்பது அதன் பொருள்.

கணவர் போரினின்று திரும்பினார். அரசாணைக்கு மாறாகத் தம் வீட்டிலேயே இது நிகழ்ந்ததை அறிந்தபோது அவர் கொண்ட சினம் எளிதன்று. பணிப்பெண்டிர் துன்புறுத்தப்பட்டனர் என்றும், மனைவியின் கழுத்திற் கத்தியை வைத்து வேதத்தை மறுக்கும்படி அச்சுறுத்தினார் என்றும் செய்திகள் உள. இக்காலத்தில் அம்மையார் கணவரை விட்டுப் பிரிந்து செல்லவும் எண்ணினார். அவ்வெண்ணத்தைக் குருமார்க்கு அறிவித்தபோது, ஓர்கந்தீனோ முதலிய பாதிரிமார் பொறுத்திருக்குமாறு அறிவுரை கூறினர். அம்மையார் அதனை ஏற்றார். அவ்வறிவுரை அவர்க்கு நன்மையே பயந்ததோ என்று இந்நாளில் நாம் வினவலாம், வினவுதல் தகும். ஆயினும் முன்பு சினமும் துயரமும் மிக்கிருந்த அம்மையார், அதன்பின் பொறுமையும் முகமலர்ச்சியும் உடையவராய் மாறினார் என்பதைப் பலர் கண்டு எழுதியுள்ளனர். இலத்தீன், போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளையும் ஆசிரியரின்றி ஏடு கொண்டே பயின்றார் என்ப. கிறிஸ்துநாதர் அநுசாரம் என நம்மவர் வழங்கும் நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு அவர் கையை விட்டகலாதிருந்தது. அவர் கைப்பட எழுதிய மடல்கள் சில இன்றும் பேணப்பட்டு வருகின்றன. காலப்போக்கில் தடாவோகியும் ஒருவாறு தணிந்து, மனைவியின் வழிபாட்டுக்குத் தடை செய்யாதிருந்தார்.

1598இல் ஹிதேயோஷி இறந்தார். அவர் மகன் சிறுவன். ஆட்சிப் பொறுப்பிலிருந்தோர் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். ஒருபால் டோக்குகாவா இயேயாசு. மற்றொருபால் இஷிதா மிட்சுநாரி. 1600ஆம் ஆண்டுக் கோடையில் இயேயாசு கீழ்நாட்டின்மேற் படையெடுத்தபோது தடாவோகியும் அவருடன் சென்றார். புறப்படுமுன், தம் மனைவியின் மானத்துக்கு இடர் நேருமாயின் அவரைக் கொன்று காவலரும் மாளவேண்டும் என்று மாளிகைக் காவலர்க்குக் கட்டளையிட்டுச் சென்றார் என்ப. அவர் போனபின் மிட்சுநாரி ஒசாக்காவில் எழுந்து, இயேயாசுவோடு சென்ற தலைவரின் மனைவி மக்களைப் பிணையாகக் கைக்கொள்ளத் தொடங்கினார். மனைவியர் கையிலிருந்தால் கணவர் வாள் தாழும் என்பது அவர் கணக்கு. முதன்முதல் அவர் குறித்த வீடுகளுள் ஒன்று ஹொசோகாவா மாளிகை.

முதலில் நயமான சொற்களோடு தூது வந்தது; அம்மையார் மறுத்தார். பின்னர் வெளிப்படையாக ஆணை வந்தது, அப்பொழுதும் மறுத்தார். ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள் வீரர் மாளிகையைச் சூழ்ந்தனர். அம்மையார் வழிபாட்டறையிற் சென்று செபித்தார். பிறகு பணிப்பெண்டிரை அழைத்து, எல்லாரும் வெளியேறுமாறு பணித்தார். உடன் மாள்வோம் என்று அவர்கள் அழுதனர்; அவர் இசையவில்லை. ஷிமோ என்னும் பெண்ணிடம் கணவர்க்கும் மூத்த மகனுக்கும் உரிய மடல்களைக் கொடுத்து, நடந்ததை உள்ளவாறு அறிவிக்கச் சொன்னார். வீரர்குடி மாதர் இத்தகைய வேளையில் தம் கையாலேயே உயிர்விடுவது அந்நாட்டு வழக்கம். கிறிஸ்தவராகிய அம்மையார்க்குத் தற்கொலை விலக்கப்பட்டது. ஆகவே முதிய காவலராகிய ஓகசவாரா ஷோசாய் தம் படைக்கலத்தால் அவர் உயிரைப் போக்கினார். பின் மாளிகைக்குத் தீயிட்டு, ஷோசாயும் ஏனைக் காவலரும் தம்முயிரை மாய்த்தனர். அம்மையார்க்கு அப்போது முப்பத்தேழு வயதிருக்கும்.

ஷிமோ நெடுங்காலம் உயிர்வாழ்ந்தார். 1648ஆம் ஆண்டில், ஹொசோகாவா குடித்தலைவர் வேண்டியபடி, அந்நாளின் நிகழ்ச்சிகளைத் தாம் கண்டவாறு எழுதிவைத்தார். ஐம்பதாண்டுகளுக்கு முன் தலைவி இட்ட பணியை அம்முதியவர் அன்றுதான் முற்ற நிறைவேற்றினார் எனலாம். குருமார் மடல்களும் ஷிமோவின் குறிப்புமே இச்சரித்திரத்துக்கு முதன்மையான ஆதாரங்கள்.

தீ அவிந்த பின் ஓர்கந்தீனோ பாதிரியார் சாம்பலினின்று எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்வித்தார். இந்நிகழ்ச்சியால் ஒசாக்கா முழுவதும் திடுக்கிட்டது. வலிந்து பிணை கொள்ளும் முயற்சியை மிட்சுநாரி தளர்த்தினார் என்பர். அவ்வாண்டு அக்டோபரில் செக்கிகஹாராப் பெரும்போரில் அவர் தோற்றார். இயேயாசு நாட்டுக்குத் தலைவரானார். அதே கோடையில் மாமனார் யூசாய் தனாபேக் கோட்டையிற் சுமார் ஐந்நூறு பேரோடு பெரும்படையால் முற்றுகையிடப்பட்டிருந்தார். அவர் இறப்பின் பழம்பாடற் கல்வி அவரோடு அழியுமே என்று சக்கரவர்த்தி இடைநின்று ஆணை விடுத்து அவரைக் காத்தார். புலமை மாமனாரைக் காத்தது. மருமகளாரைக் காக்க எவ்வாணையும் வரவில்லை.

தடாவோகி மறுவாண்டு மனைவிக்காகக் கிறிஸ்தவ முறைப்படி இரங்கற் பூசை செய்யுமாறு வேண்டி, தாமும் அதற்கு வந்திருந்தார். அவர் கண்ணீர் மல்கினார் என்பர். அத்துயரம் அவர் கடுமையைக் கரைத்துவிடவில்லை. மூத்த மகன் தடாத்தாகாவின் மனைவி அத்தீநாளில் அண்டையிலிருந்த தம் தமக்கையார் மாளிகைக்குத் தப்பிச் சென்று பிழைத்தவர். மாமியாரோடு மாளாமையைக் குற்றமாகக் கொண்டு, அவரை விலக்குமாறு தடாவோகி மகனுக்குக் கட்டளையிட்டார். மகன் மறுத்தான், பட்டத்துரிமையை இழந்தான். அவனுக்குப் பதிலாக இளைய மகன் தடாத்தோஷி உரிமை பெற்று, 1632இல் கூமமோட்டோ நாட்டுக்குத் தலைவனானான். தம் நகராகிய கொக்குராவில் செஸ்பெதெஸ் பாதிரியாருக்கு இடமளித்திருந்த தடாவோகி, 1611இல் அவர் இறந்ததும் அத்தேவாலயத்தை மூடிவிட்டார்.

இனி ஒன்று ஆராய்தற்குரியது. அம்மையார் இறந்தது கணவன் ஆணைக்குப் பணிந்தோ, வேதத்தின்பொருட்டோ, தம் சொந்தத் துணிவினாலோ? வீரர் மரபைப் போற்றுவோர் அவரைக் கற்பின் திருவுரு என்கின்றனர். வேறு சிலர் வேதசாட்சி என்கின்றனர். ஆயின் வேதத்தை மறுக்குமாறு அன்று யாரும் அவரைக் கேட்கவில்லை. திருச்சபை அவருடைய நண்பர் உக்கோனுக்கு 2017இல் முத்திப்பேறு பட்டம் வழங்கியது. அம்மையார்க்கு அத்தகைய பட்டம் இல்லை. இந்நாளில் சிலர் அவரைக் கொடிய கட்டளையொன்றுக்கு இரையானவர் என்கின்றனர். அக்கட்டளை கொடியது என்பதில் எமக்கு ஐயமில்லை. தப்பிப் பிழைத்த மருமகளைப் பழித்தலும் நேர்மையன்று. எனினும் அம்மையாரின் செயலைக் கட்டளையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. காவலைக் கடந்து தேவாலயம் சென்றவர், கணவன் கத்திக்கும் வேந்தன் ஆணைக்கும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடாதவர், இறுதி நாளில் மட்டும் சிந்தையற்ற பாவையாயினார் என்று கொள்ளல் எங்ஙனம்? தந்தையின் குற்றத்துக்காக மலைக்காட்டிலும், கணவனின் பொறாமைக்காக மாளிகையிலும் அடைபட்டிருந்தவர், மூன்றாம் முறை ஒருவர் கைப்பொருளாக இருக்க மறுத்தார். தம்மொடு மாள விரும்பிய பெண்டிரைத் தடுத்து உயிரோடு அனுப்பினார். இவ்விரண்டும் அவருடைய சொந்தச் செயல்கள்.

அவர் புகழ் விரைவில் கடல் கடந்தது. 1698ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பேரரசியின் பெயர்த்திருநாளன்று இயேசு சபையார் அவர் வரலாற்றை இலத்தீன் இசைநாடகமாக நடித்துக் காட்டினர். அதிற் கணவன் கொடுங்கோலனாகவும், அம்மையார் அவன் கொடுமையால் மடிபவராகவும், அவன் பின்பு மனந்திரும்புபவனாகவும் வருகின்றனர். மெய்ச்சரித்திரம் அத்துணை எளிதன்று என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். 1975இல் மியூரா அயாக்கோ என்னும் ஜப்பானிய எழுத்தாளர் அவர் வாழ்வை நவீனமாக எழுதினார். அவ்வாண்டே ஆங்கிலத்தில் வெளிவந்த ஷோகுன் என்னும் பெருங்கதையின் தலைவியும் அவரைத் தழுவியே படைக்கப்பட்டவர். ஹொசோகாவா கிராசியா என்று நாம் வழங்கும் பெயரும் பிற்காலத்ததே. அக்கால மாதர் மணத்தின் பின்னும் பிறந்த குடியின் பெயராலேயே குறிக்கப்பட்டனர். அவர் வாழ்நாளில் அகேச்சியின் மகளாகவே இருந்தார்.

ஒசாக்காவில் மாளிகை இருந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது கிணறு ஒன்றே. அதன் அருகேயுள்ள பேராலயத்தில் அம்மையார்க்கும் உக்கோனுக்கும் சிலைகள் உள. கியோத்தோவில் தைத்தோக்குஜி மடத்தைச் சேர்ந்த கோத்தோயின் என்னும் கோயிலில் கல் விளக்கொன்று நிற்கின்றது. அது தேநீர் ஆசிரியர் ரிக்யூ தம் மாணாக்கர் தடாவோகிக்கு விட்டுச்சென்றது. தடாவோகி 1646இல், எண்பது கடந்த முதுமையில் இறந்தார். மனைவிக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த அவர் அவ்விளக்கையே தம் கல்லறையாகக் கொண்டார். அம்மையாரின் நினைவும் அவ்விடத்திலேயே அவரோடு சேர்த்துப் போற்றப்படுகின்றது. வாழ்நாளெல்லாம் காவலும் மதிலும் கொண்டு மனைவியைக் காக்க முயன்று தோற்றவர், முடிவில் காவலில்லாத ஒரு கல்லின்கீழ் அவர் பெயரோடு சேர்ந்திருக்கின்றார்.

நம் மாணவியர்க்கு யாம் சொல்லவிரும்புவது ஒன்றுண்டு. அம்மையாரின் மரணத்தை வியந்து நின்றுவிடாமல், அவர் வாழ்ந்த முறையை நோக்குக. பூட்டிய வாயிலுக்கு உள்ளிருந்தே அவர் வினவினார், கற்றார், பிறமொழி பயின்றார், தம் பணிப்பெண்ணிடமே அருள் பெறத் தாழ்ந்து நின்றார். வாயில் திறந்திருக்கும் காலத்தில் வாழும் நாம் அதிற் பாதியேனும் செய்தல் கடன்.